விசேஷம் இல்லை: ஏற்காட்டிலிருந்து இறங்கிவந்த ஒரு வயிற்று வலி

திங்கட்கிழமை காலை. சேலம் அம்மாப்பேட்டைப் பக்கத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். முன்னால் மாமியார், நடுவில் வலது கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மருமகள், பின்னால் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே நிற்பது என்று தெரியாத மகன். மருமகளுக்கு 24 வயது, திருமணமாகி நான்கு மாதம். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்: "டாக்டரம்மா, விசேஷமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்."

மருமகள் சிரிக்கவில்லை. அவள் முகத்தில் இருந்தது வலி மட்டும் அல்ல என்று எனக்கு அப்போதே பட்டது. ஆனால் என்னவென்று அப்போது தெரியவில்லை.

இந்த நிகழ்வை எழுத அந்தப் பெண்ணிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். குடும்பத்தின் தொழில், தெரு போன்ற அடையாளங்களை மாற்றிவிட்டேன். மருத்துவ விவரங்கள் நடந்தபடியே இருக்கின்றன.

மாமியார் இருக்கும்போது கிடைத்த கதை

சனிக்கிழமை காலை கணவனும் மனைவியும் மோட்டார் சைக்கிளில் ஏற்காடு போனார்கள். ஓர் இரவு தங்கினார்கள். ஞாயிறு மதியம் இறங்கினார்கள். வலி இறங்கும்போது தொடங்கியதாம். "அந்த வளைவுகளில் வண்டி குலுங்கினால் யாருக்குத்தான் வலிக்காது? இந்த மாதிரி நேரத்தில் மலைக்குப் போகலாமா என்று நான் அப்போதே சொன்னேன்" என்றார் மாமியார். ஞாயிற்றுக்கிழமை மருந்துக் கடையில் வாயுவுக்கும் வயிற்றுப் பிடிப்புக்கும் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். வலி குறைந்தது, போகவில்லை.

கடைசி மாதவிலக்கு எப்போது என்று கேட்டேன். பதில் மாமியாரிடமிருந்துதான் வந்தது. எந்த நாளில் மருமகள் பூஜை அறைப் பக்கம் வரவில்லை, எந்த நாளில் தலைக்குக் குளித்தாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கூட்டுக் குடும்பத்தில் மாமியாரைவிடச் சரியான மாதவிலக்குப் பதிவேடு கிடையாது. நான் பலமுறை அதை நம்பியிருக்கிறேன். அன்றைக்கும் அவர் கணக்கும் மருமகள் கணக்கும் ஒத்துப்போயின. அன்று 23-ஆவது நாள். வழக்கமாக 28, 29 நாட்களுக்கு ஒருமுறை வரும்.

அதாவது நாளே இன்னும் தள்ளிப்போகவில்லை. அதற்குள் விசேஷம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? சனிக்கிழமை இரவிலிருந்து மருமகள் சாப்பிடவில்லை, முகம் வாடியிருக்கிறது, அடிவயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். ஆசைப்படுகிறவருக்கு இவ்வளவு போதும்.

தனியாகக் கிடைத்த கதை

ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதி, பணம் கட்டிவரச் சொல்லி மாமியாரை வெளியே அனுப்பினேன். இது பழைய தந்திரம். பரிசோதனை தேவைதான், ஆனால் அவரே போய்க் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. கதவு மூடியதும் அவள் கேட்ட முதல் கேள்வி: "மேடம், ஆணுறை போட்டும் கரு தரிக்குமா?"

குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். தேர்வு முடியும்வரை குழந்தை வேண்டாம் என்று கணவனும் மனைவியும் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரே பரிசோதனையின் முடிவுக்காக மாமியார் வெளியே ஒரு வேண்டுதலோடும் மருமகள் உள்ளே நேரெதிர் வேண்டுதலோடும் காத்திருந்தார்கள்.

வலியின் கதையும் மாறியது. தொடங்கியது கொண்டை ஊசி வளைவில் அல்ல. சனிக்கிழமை இரவு, உறவின்போது, வலதுபக்க அடிவயிற்றில் கத்தியால் கீறியதுபோல் ஒரு வலி. ஒரு நிமிடம் மூச்சே நின்றுவிட்டது என்றாள். பிறகு மந்தமாகி இரவு முழுவதும் இருந்தது. கணவனிடம் காலையில்தான் சொன்னாள். மறுநாள் மலையிறங்கும்போது சேலம் சாலையின் 20 வளைவுகளின் எண் பலகைகளையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தாளாம். வலப்பக்கம் வண்டி சாயும்போதெல்லாம் வயிற்றுக்குள் ஏதோ தளும்புவதுபோல் இருந்தது. பாதி வழியில் நிறுத்தச் சொல்லி, பாலச்சுவரில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மீண்டும் ஏறினாள்.

அந்தத் "தளும்புவதுபோல்" என்ற சொல்லை நான் அப்படியே குறித்துவைத்தேன். நோயாளி சொல்லும் உவமை சில நேரம் ஸ்கேனுக்கு முன்பே விடையைச் சொல்லிவிடும்.

"பாதுகாப்போடுதான்" என்ற பதிலோடு நான் நிற்பதில்லை. ஆணுறையைச் சரியாகவும் தவறாமலும் பயன்படுத்தும் 100 தம்பதியரில் ஓராண்டில் சுமார் 2 பேர் கருத்தரிக்கிறார்கள். சாதாரண மனிதர்கள் சாதாரணமாகப் பயன்படுத்தும்போது அது சுமார் 13. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பது ரப்பரின் குற்றம் அல்ல. அது வாழ்க்கை. முதலிலிருந்து கடைசிவரை அணிந்திருந்தாரா? கிழிந்ததா, கழன்றதா? எங்கே வைத்திருந்தீர்கள்? மேலே எதையாவது தடவினீர்களா?

முதல் இரண்டுக்கும் நல்ல பதில் வந்தது. மூன்றாவதில் சிக்கல். மாமியார் தினமும் பெருக்கும் வீட்டில் அந்தப் பெட்டியை எங்கே ஒளிப்பது? மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்க் உறையில், ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருந்தார்கள். சேலத்து வெயிலில் நாளெல்லாம் நிற்கும் வண்டி. லேடெக்ஸ் ரப்பருக்கு வெப்பம் ஆகாது. இழுவை போய் உளுத்துவிடும்.

நான்காவது கேள்விக்கு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரே ஒரு தடவை, தேங்காய் எண்ணெய். எப்போது? விரலைவிட்டு எண்ணினாள். ஏற்காடு போவதற்கு ஒன்பது நாள் முன்பு, ஒரு வியாழக்கிழமை. அதாவது மாதவிலக்கின் 12-ஆவது நாள்.

தேங்காய் எண்ணெயை எல்லாவற்றுக்கும் நம்பும் ஊர் இது. தலைக்கு, தோலுக்கு, வாய்ப்புண்ணுக்கு, குழந்தையின் தொடை இடுக்குக்கு. ஆனால் எந்த எண்ணெயும் லேடெக்ஸைச் சில நிமிடங்களில் பலவீனமாக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும், கிழிந்தால்தானே தெரியும்? வழுக்கல் வேண்டுமென்றால் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் மருந்துக் கடையில் கிடைக்கிறது. இதை அவளுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. உறையில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். படுக்கையறையில் யார் அதைப் படிக்கிறார்கள்?

இன்னும் கொஞ்சம் வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை கணவன் இரண்டு கடைகளில் அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டிருக்கிறான். இரண்டிலும் இல்லை என்று தலையாட்டிவிட்டார்கள். லெவோனார்ஜெஸ்ட்ரெல் என்ற அந்த மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க 2005 முதலே அனுமதி இருக்கிறது. தமிழ்நாட்டுக் கடைகளில் அது எளிதில் கிடைக்காது என்பது வேறு கதை. மாத்திரை கிடைக்காததால் அன்றிரவு அரைப் பப்பாளியும் நான்கு எள்ளுருண்டையும் சாப்பிட்டிருக்கிறாள். பழுத்த பப்பாளி கருவைக் கலைக்காது. காலையில் மலம் நன்றாகப் போயிற்று, அவ்வளவுதான்.

கையில் பட்டவை

நாடி நிமிடத்துக்கு 96. ரத்த அழுத்தம் 110/70. காய்ச்சல் இல்லை. வலது அடிவயிற்றில் அழுத்தினால் வலித்தது. ஆனால் வயிறு பலகைபோல் இறுகவில்லை. அனுமதி கேட்டு உள்பரிசோதனை செய்தேன். வலப்பக்கம் விரல் பட்டதும் முகம் சுளித்தாள். துர்நாற்றமோ சீழோ இல்லை.

தோள்பட்டை நுனியில் வலிக்கிறதா, எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகிறதா என்று கேட்டேன். வயிற்றுக்குள் ரத்தம் தேங்கினால் அது உதரவிதானத்தை உறுத்தும். வலி தோளில் தெரியும். வயிற்று நோய்க்குத் தோளைப் பற்றிக் கேட்கும்போது பலர் என்னை விசித்திரமாகப் பார்ப்பார்கள். தோள்வலி இல்லை. எழும்போது லேசான கிறுகிறுப்பு உண்டு என்றாள். ஒன்றரை நாளாக ஒழுங்காகச் சாப்பிடாதவளுக்கு அது எதனால் என்று யார் சொல்ல முடியும்?

என் மனதில் ஓடிய பட்டியல் நீளமானது. வலது அடிவயிறு என்றால் குடல்வால் அழற்சியை மறக்க முடியாது. முட்டைப்பை முறுக்கிக்கொண்டிருந்தால் மணிக்கணக்கில் அது செத்துவிடும். வாந்தியும் அலையலையான வலியும் வரும். இவளுக்கு வாந்தி இல்லை. சிறுநீர்த் தொற்று, கல், அடிவயிற்றுத் தொற்று எல்லாம் வரிசையில் நின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால் குழாய்க் கரு, அதாவது கருப்பைக்குப் போகாமல் கருக்குழாயிலேயே தங்கிவிடும் கரு. அதைத் தவறவிட்டால் உயிர் போகும். அதனால்தான் போன மாதப் போக்கு வழக்கம்போல் இருந்ததா, வெறும் கறை மட்டும் பட்டதா என்று இன்னொரு தடவை கேட்டேன். கரு குழாயில் தங்கிக் கசியும் ரத்தத்தையே மாதவிலக்கு என்று நினைத்து நாளைத் தவறாக எண்ணியவர்களைப் பார்த்திருக்கிறேன். வழக்கம்போல் நான்கு நாள் என்றாள்.

சிறுநீர் சோதனைப் பட்டையில் மூன்று சொட்டு விட்டேன். மாமியார் திரும்பி வந்திருந்தார். மேசைமேல் குனிந்து பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈரம் இளஞ்சிவப்பாகப் பரவி, ஒரு கோடு எழுந்தது. ஐந்து நிமிடம். "ஒன்றுதானா?" என்றார். "ஒன்றுதான் அம்மா." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மருமகள் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரத்தத்தில் கர்ப்பத்தைக் காட்டும் ஹார்மோனான பீட்டா எச்.சி.ஜி. 2-க்கும் குறைவு, அதாவது இல்லை என்றே பொருள். ஹீமோகுளோபின் 11.2. வெள்ளணுக்கள் 8,400. சிறுநீரில் கிருமியோ ரத்தமோ இல்லை.

ஸ்கேன்

ஸ்கேன் மையத்தில் பாலினம் கண்டறிந்து சொல்லப்பட மாட்டாது என்ற பலகை முதல் ஆளாக வரவேற்கும். எந்த ஊரிலும் அந்தப் பலகை இருக்கிறது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் வேண்டாம் என்று நினைக்கும் பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுச்செல்லச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் தொடங்கியது இந்தச் சேலம் மாவட்டத்தில்தான் என்பதால், இங்கே அதைக் கடக்கும்போது நான் இன்னும் ஒரு கணம் நிற்பேன். மாமியாரும் அன்று நின்று படித்திருக்கிறார். "எது என்றாலும் எங்களுக்குச் சம்மதம்தான்" என்று அங்கே இருந்த செவிலியரிடம் சொன்னாராம். பட்டையில் வந்த ஒற்றைக் கோட்டை அவர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஒரு லிட்டர் தண்ணீர் குடித்து முதலில் வயிற்றின் மேலாக, பிறகு உள்வழியாக ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பை காலி, இயல்பாக இருந்தது. வலது முட்டைப்பையில் 3.4 சென்டிமீட்டர் கட்டி. அதன் சுவர் சுருங்கிச் சிதைந்திருந்தது, உள்ளே வலைபோல் உறைந்த ரத்தம். கருப்பைக்குப் பின்னால் சுமார் 70 மில்லி திரவம். முட்டைப்பைக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருந்தது, அதனால் முறுக்கல் இல்லை. குடல்வால் சாதாரணம்.

அவள் தளும்புகிறது என்று சொன்னது இந்த 70 மில்லியைத்தானா? அவ்வளவு சிறிய அளவை வயிறு உணருமா என்று தர்க்கம் பேசலாம். நான் பேசப்போவதில்லை.

நடந்தது இதுதான். ஒவ்வொரு மாதமும் முட்டை வெளியேறிய இடத்தில் கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் திசு உருவாகும். ரத்த நாளங்கள் நிறைந்த, மெல்லிய சுவருள்ள திசு. சிலருக்கு அது ரத்தம் தேங்கிக் கட்டியாக வீங்கும். மாதவிலக்குச் சுழற்சியின் பின்பாதியில், உறவின்போதோ ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ அழுத்தம் பட்டால் உடையும். வலப்பக்கம்தான் அதிகம் உடைகிறது. இடப்பக்கம் பெருங்குடலின் கடைசி வளைவு மெத்தைபோல் தாங்குகிறது என்று காரணம் சொல்வார்கள். ஆணுறை அணிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இது நடந்திருக்கும்.

இனி அவளுடைய பயத்துக்கு வருகிறேன். வலியும் கர்ப்பமும் ஒரே கேள்வியாக வந்து உட்கார்ந்திருந்தன. அவற்றைப் பிரிக்காமல் எந்தப் பதில் சொன்னாலும் பாதி பொய்யாகிவிடும்.

சனிக்கிழமை உறவால் கர்ப்பமா? வாய்ப்பே இல்லை எனலாம். வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். உடைந்த கட்டியே அந்த மாத முட்டை ஏற்கனவே வெளியேறிவிட்டதற்குச் சாட்சி. அவளைப் பயமுறுத்திய வலிதான் அந்தப் பயத்துக்கு எதிரான ஆதாரமும். கடைக்காரர்கள் மாத்திரையைக் கொடுத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது; அது முட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடும் மருந்து. வெளியேறிய பிறகு சாப்பிட்டால் அடுத்த மாதவிலக்கு முன்னும் பின்னுமாகக் குழம்பி, பயம் இரண்டு மடங்காகியிருக்கும். தவிரவும், உறவு கொண்ட அன்றோ மறுநாளோ வரும் வலி கர்ப்பத்தின் வலியாக இருக்க முடியாது. கரு கருப்பையில் பதியவே ஆறு முதல் பத்து நாளாகும்.

ஆனால் அந்தத் தேங்காய் எண்ணெய் வியாழக்கிழமை? விந்தணு ஐந்து நாள்வரை உள்ளே உயிரோடு இருக்கும். 12-ஆவது நாள் உறவு, 14 அல்லது 15-ஆவது நாள் முட்டை: நாள் கணக்கு பொருந்துகிறது. அப்படிக் கரு உண்டாகியிருந்தால் 23-ஆவது நாளில் அது பதிந்துகொண்டே இருக்கலாம். ரத்தத்தில்கூட இன்னும் தெரியாது. ஆகவே இன்றைய ஒற்றைக் கோடு வலிக்குக் காரணம் கர்ப்பம் அல்ல என்று சொல்கிறது. கர்ப்பமே இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு அந்த உறவிலிருந்து 21 நாள் கழிய வேண்டும். இன்னும் பத்து நாள். அடுத்த வார வியாழக்கிழமை.

அவளிடம் இதை அப்படியே சொன்னேன். "ஒன்றும் இல்லை, போய்த் தூங்கு" என்று சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாக இருந்திருப்பாள். சொல்லத் தோன்றியது. பத்து நாள் பயத்தோடு அனுப்பினேன்.

நான் சறுக்கிய இடம்

மாமியாரையும் மகனையும் உள்ளே அழைத்து, "முட்டைப்பையில் ஒரு சின்ன நீர்க்கட்டி உடைந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை" என்றேன்.

அந்தச் சொல்லை நான் பயன்படுத்தியிருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் நீர்க்கட்டி என்றால் மாதவிலக்கு தள்ளிப்போகும், முகத்தில் முடி வளரும், குழந்தை நிற்காது என்ற அந்த ஒரே நோய்தான். மாமியாரின் முகம் சாம்பலாகிவிட்டது. அவருடைய அண்ணன் மகளுக்கு நீர்க்கட்டியாம், ஏழு வருடமாகக் குழந்தை இல்லையாம். மருமகளை அவர் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். காலையில் கையைப் பிடித்து அழைத்துவந்தவர், நாற்காலியைச் சற்று நகர்த்திக்கொண்டார். கவனக்குறைவான ஒரு சொல்லால் ஒரு பெண்ணின் இடத்தை அவள் வீட்டிலேயே நான் ஆட்டிவைத்துவிட்டேன்.

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்தேன், விளங்கவில்லை. கடைசியில், "அம்மா, மாங்காயைப் பறித்தால் காம்பில் பால் வடியும் அல்லவா?" என்றேன்.

"வடியும். கையில் பட்டால் புண்ணாகும்."

"அதுதான் இது. இந்த மாதம் காய் பறித்தாயிற்று. காம்பில் வடிந்தது கொஞ்சம் அதிகம். உள்ளே பட்ட இடம் எரிகிறது. இரண்டு வாரத்தில் தானாகக் காய்ந்துவிடும். உங்கள் அண்ணன் மகளுக்கு இருப்பது காயே சரியாக முற்றிப் பறிபடாத நோய். இது அது அல்ல."

சேலத்துக்காரருக்கு மாம்பழத்தைச் சொன்னால் போதும். நாற்காலி பழைய இடத்துக்கு வந்தது. ஆனால் அவர் கெட்டிக்காரர். "காய் ஒழுங்காகக் காய்க்கிறது என்றால், பின்னே ஏன் இன்னும் நிற்கவில்லை?"

மகன் ஹெல்மெட்டுக்குள் எதையோ தேட ஆரம்பித்தான். நான் சொன்னேன்: "கல்யாணமாகி நான்கு மாதம்தானே அம்மா. ஒரு வருடம்வரை டாக்டர்களே கேள்வி கேட்க மாட்டோம்." பாடப்புத்தக வரையறை அதுதான், கருத்தடை இல்லாமல் ஒரு வருடம். முதல் இரண்டு சொற்களை விழுங்கிவிட்டேன். அதைச் சொல்வதும் சொல்லாததும் அவளுடைய உரிமை.

தொடர்ந்தது

அன்று மாலைவரை கிளினிக் கட்டிலில் படுக்கவைத்தேன். ஆறு மணி நேரம் கழித்து ஹீமோகுளோபின் 10.6, மறுநாள் 10.7. இறங்கி நின்றுவிட்டது, ரத்தக் கசிவு ஓய்ந்துவிட்டது என்று பொருள். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். மயக்கம், தோள்வலி, காய்ச்சல், ஓயாத வாந்தி, கூடிக்கொண்டே போகும் வலி, இவற்றில் எது வந்தாலும் எனக்குக்கூடப் போன் செய்யாமல் 108-ஐ அழைத்து நேராக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். ரத்தம் நிற்காதவர்களுக்கு லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளை வழியாகச் செய்யும் அறுவைச் சிகிச்சை, தேவைப்படும். இவளுக்குத் தேவைப்படவில்லை. நான்கு நாளில் வலி போயிற்று. ஆணுறைப் பெட்டி டாங்க் உறையிலிருந்து புத்தக அலமாரிக்கு, பொது அறிவுக் கையேடுகளுக்குப் பின்னால் இடம் மாறியது.

29-ஆவது நாள் வந்தது, போக்கு வரவில்லை. 30-ஆவது நாளும் வரவில்லை. இப்படிக் கட்டி உடைந்த மாதத்தில் ஓரிரு நாள் தள்ளிப்போவது உண்டு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தத் திங்கட்கிழமை இரவு அவள் அனுப்பிய குறுஞ்செய்தியை இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். "மேடம், வீட்டில் பாயசம் வைத்திருக்கிறார்கள்" என்று மட்டும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்தே முக்காலுக்குப் போன் அடித்தது. "வந்துவிட்டது மேடம்" என்று கிசுகிசுத்துவிட்டு வைத்துவிட்டாள். குழாய் திறந்து தண்ணீர் விழும் சத்தம் பின்னால் கேட்டது. ஆனாலும் குறித்த வியாழக்கிழமை சிறுநீர் சோதனையைச் செய்தேன். ரத்தப்போக்கைமட்டும் நம்பி நான் கணக்கை முடிப்பதில்லை. ஒரே கோடு.

அன்றே இன்னொரு விஷயத்தையும் பேசினோம். முட்டை வெளியேறுவதையே நிறுத்திவைக்கும் மாத்திரை எடுத்தால், தேர்வு முடியும்வரை கர்ப்பக் கவலையும் இல்லை, இந்த மாதிரிக் கட்டி மறுபடி உருவாகும் வாய்ப்பும் குறைவு. இருக்கும் கட்டியை அது கரைக்காது. அது தானே கரைய வேண்டும். ஒற்றைத் தலைவலி, ரத்தம் உறையும் கோளாறு, உயர் ரத்த அழுத்தம் எதுவும் அவளுக்கு இல்லை. போக்கின் ஐந்து நாளுக்குள் தொடங்கினால் அன்றிலிருந்தே பலன். அரசு நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் போதும் என்றேன்.

ஆறு வாரம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது கட்டியும் இல்லை, திரவமும் இல்லை. வலது முட்டைப்பை இடதைப் போலவே இருந்தது. இந்தத் தடவை தனியாக வந்திருந்தாள். மாத்திரை ஒத்துப்போகிறதா என்று கேட்டதும் சிரித்தாள். முதல் முறையாக அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். இரண்டாவது வாரமே மாமியார் தலையணைக்கு அடியிலிருந்து அட்டையைக் கண்டெடுத்துவிட்டாராம்.

"என்ன சொன்னாய்?"

"ரத்தம் குறைந்துவிட்டதென்று டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை என்றேன் மேடம்."

அட்டையில் 28 மாத்திரைகள். 21 ஹார்மோன். மீதி 7 உண்மையிலேயே இரும்புச்சத்துதான். கால் பங்கு உண்மைதான் என்று அவளிடம் சொன்னேன்.

இப்போதெல்லாம் தினமும் இரவு எட்டரை மணிக்கு டம்ளரில் தண்ணீரையும் மாத்திரையையும் மாமியாரே கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறாராம். ஒரு நாள்கூடத் தவறவில்லையாம்.